கரிக்கோட்டுக் கணக்கு

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்மை என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, அதில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்களுக்குத் தமிழில் சொற்பஞ்சமே கிடையாது. தெய்வம், தியாகம், கருணை, பொறுமை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, நம் அம்மாவைப் பற்றி நேற்றுவரை தெரியாத ஒரு செய்தி இன்றைக்குப் புதிதாகத் தெரிந்திருக்குமா என்று கேட்டால், தெரிந்திருக்காது. அதனால் அம்மாக்களின் அன்பைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அவர்கள் போட்ட கணக்கைப் பற்றிப் பேசப்போகிறேன்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கத்து மண்சுவர் வீடுகளில், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடுகள் வரிசையாக இருக்கும். நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்திருப்பார்கள். பால் ஊற்றியதற்கு ஒரு வரிசை, வெளுக்கப் போட்ட துணிக்கு ஒரு வரிசை, பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த அரிசிக்கு ஒரு வரிசை. மாதம் முடிந்து கொடுக்கல் வாங்கல் தீர்ந்ததும் சாணத்தைக் கரைத்து ஒரு மெழுகு மெழுகினால் சுவர் மறுபடி சுத்தமாகிவிடும். என் அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சுவர்தான் அவருடைய பேரேடு.

எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கும் தெரிந்திருக்காது என்று படித்தவர்கள் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தலைமுறைப் பெண்கள் என்ன மாற்றத்தையெல்லாம் கடந்து வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1957 ஏப்ரல் முதல் தேதியில் பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு போய், நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று வந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளந்தவர்களின் கையில் லிட்டரும் கிலோவும் வந்து சேர்ந்தன. சந்தையில் ஏமாறாமல் வாங்க வேண்டும், வாங்கியதைப் பழைய அளவில் உலையில் போட வேண்டும். எத்தனை பேர் சாப்பாட்டுக்கு எத்தனை ஆழாக்கு என்பது அவர்கள் மனத்தில் ஊறிய கணக்கு. புதிய அளவையெல்லாம் மனத்துக்குள் பழைய அளவாக மாற்றிக்கொண்டேதான் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வேளைகூடச் சோறு குறையவுமில்லை.

அம்மாச்சியின் சுவர் கணக்கு மெழுகலோடு போய்விட்டது. எங்கள் அம்மாவின் கணக்கு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அவர் எழுதியது நாள்காட்டியில்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அங்கே தொடங்கி, மளிகைக் கடையும் நகைக் கடையும் உரக்கடையும் தங்கள் பேரை அச்சிட்டு, தை பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் ஒன்றாவது வந்துவிடும். கிழிக்கிற தினசரிக் காலண்டர் கூடத்துக்கு. நல்ல நேரம், ராகு காலம் பார்ப்பது அதில். மாதக் காலண்டர் அடுப்படிக்கு. கட்டம் கட்டமாக, எழுத இடம் இருப்பது அதில்தான். அதன் ஆணியிலேயே ஒரு நூலில் பென்சில் தொங்கும்.

அந்தக் கட்டங்களில் அம்மா எழுதியவற்றைச் சொல்கிறேன். 'பால் அரை'. 'பால் இல்லை'. 'கேஸ் மாத்தியது'. 'சீட்டு கட்டியாச்சு'. 'மண்ணெண்ணெய் போடுறான்'. 'பெரியவனுக்குக் காய்ச்சல்'. 'ஈ.பி. கடைசி நாள்'. 'கோழி அடை'. அடை வைத்த தேதியிலிருந்து இருபத்தொன்றாம் நாள் கட்டத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும், குஞ்சு பொரிக்கும் நாள் அது. 'மாட்டுக்கு சினை ஊசி' என்று ஒரு மாதத்தில் இருந்தால், ஒன்பது மாதம் தள்ளி ஒரு பக்கத்தில் 'இந்த வாரம் பார்க்கணும்' என்று இருக்கும். 'கேஸ் மாத்தியது' என்ற குறிப்புகளை வரிசையாகப் பார்த்தால், 14.2 கிலோ உருளை எந்த மாதத்தில் எத்தனை நாள் வந்தது, எப்போது சீக்கிரம் தீர்ந்தது, அந்த மாதத்தில் வீட்டில் யார் வந்து தங்கியிருந்தார்கள் என்பதுவரை தெரிந்துவிடும். யார் வந்தார்கள் என்று அம்மா எழுதவில்லை. உருளை சொல்லிவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே, மாதத்துக்கு ஒரு கட்டத்தில், மூலையில் ஒரு புள்ளி. வேறு எழுத்து எதுவும் இருக்காது. அது என்ன புள்ளி என்று இங்கே இருக்கிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஆண்கள் யாரும் அதைக் கேட்டதுமில்லை. பாலுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் சொல் எழுதியவர், தன் உடம்புக்கு ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டார். சில மாதங்களில் அந்தப் புள்ளி நின்றுபோகும். பிறகு 'ஆஸ்பத்திரி' என்று வரும். அப்படி வந்த ஒரு முறை அதன் முடிவில் குழந்தை இல்லை. சில வாரம் கழித்துப் புள்ளி மறுபடி தொடங்கியிருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு கரு கலைந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நாள்காட்டி வைத்திருந்தது.

குடும்ப நினைவு என்றால் நமக்கு ஆல்பம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், காதுகுத்துப் படம், வீட்டுக்குப் புது வண்டி வந்தபோது பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். நல்ல நாளில், நல்ல துணியில் எடுத்தவை. வீடு எப்படி நடந்தது என்பது அந்தப் படங்களில் கிடைக்காது. வீடு நடந்தது நல்ல நாட்களுக்கு நடுவே உள்ள சாதாரண நாட்களில். அந்த நாட்களைக் குறித்துவைத்தது அம்மாக்கள் மட்டும்தான்.

அடுத்து, அடகு ரசீதுகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களின் உண்மையான வரலாறு இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

விவசாயக் குடும்பத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கையில் காசு இருக்காது. நடவுக்கு முன்னால் ஒரு முறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு முறை. அந்த மாதத்தில் அம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே போதும். சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு இருக்கும். கூட்டுறவு வங்கியில் வரிசையில் நின்று, நகையை எடை போட்டு, உரைகல்லில் உரைத்துப் பார்த்து, பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். அறுவடை ஆனதும் திருப்புவார்கள். முடியாத வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றிவைப்பார்கள். அதுவும் முடியாத வருடம் நகை முழுகிப் போகும். 'முழுகிப் போச்சு' என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருப்பது பொன் போன வருத்தம் மட்டும் அல்ல. பெரும்பாலும் அது அவர் பிறந்த வீட்டில் போட்ட நகை. தன் அப்பா வயலை ஒத்திக்கு வைத்துப் போட்ட நகையாகக்கூட இருக்கும்.

ஒரு வீட்டின் அடகு ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கினால், பிள்ளைகளின் படிப்பு முழுவதும் வரிசையாக வந்துவிடும். பாலிடெக்னிக் சேர்ந்த மாதம், விடுதிப் பணம் கட்டிய மாதம், சிங்கப்பூருக்கு ஏஜென்டிடம் பணம் கொடுத்த மாதம். எங்கள் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஏராளம். அவர்கள் விமானம் ஏறிய காசில் பாதி அம்மாவின் தோட்டிலும் வளையலிலும் இருந்து வந்தது. மகன் சம்பாதித்து முதலில் திருப்பிய நகை எது, கடைசிவரை திருப்ப முடியாமல் போனது எது என்று அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். தேதியோடு சொல்வார்கள்.

2021-இல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, அது பொருளாதாரச் செய்தியாகத்தான் பத்திரிகைகளில் வந்தது. எவ்வளவு கோடி செலவு, தகுதி யாருக்கு, முறைகேடு எங்கே என்று விவாதித்தார்கள். விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஐந்து பவுனுக்குள் என்னென்ன இருந்தன என்பதை யாரும் எழுதவில்லை. ஒரு பெண் மகளுக்கு என்று எடுத்துவைத்த ஜிமிக்கி, பேரனுக்கு என்று வாங்கிய அரைஞாண். அப்படிப்பட்டவை அந்த வங்கிப் பெட்டகங்களில் துணிப்பையில் கிடந்து திரும்பி வந்தன.

மொய் நோட்டைச் சொல்லாமல் புதுக்கோட்டைக்காரி ஒருத்தி பேச்சை முடிக்க முடியாது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துதான். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் பதிவாகும், திருப்பிச் செய்யும்போது அந்த நோட்டைப் புரட்டித்தான் செய்வார்கள். கல்யாண மொய்யும் அப்படியே. இந்த நோட்டுகளைப் பார்த்தால், ஊர் பெயர், தகப்பனார் பெயர், எழுதியவர் பெயர், தொகை என்று இருக்கும். எழுதியவர் என்ற இடத்தில் ஆண் பெயர்தான். ஒரு விதவை தனியாக வந்து எழுதியிருந்தாலும், இறந்துபோன கணவர் பெயரையோ, ஆறு வயது மகன் பெயரையோ போட்டு எழுதுவது வழக்கம்.

ஆனால் அந்த நோட்டை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் அம்மா ஒருவர்தான். "இந்த ஐநூறு ரூவா இவரு குடுத்தது இல்ல, இவரு பொண்டாட்டி ஆட்ட வித்துக் குடுத்தது. அவுக வீட்டு விசேசத்துக்கு நாம செய்யிறப்ப அந்தப் புள்ள கையில குடுக்கணும்" என்பார். நோட்டில் உள்ள தொகை ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கிற உறவு வேறொன்று. சண்டை போட்டுக்கொண்டும் வந்து எழுதியவர் யார், வசதி இருந்தும் குறைத்து எழுதியவர் யார், நோட்டில் ஏறாமல் பாத்திரமாகவும் அரிசி மூட்டையாகவும் கொண்டுவந்து இறக்கியவர் யார், இதெல்லாம் அம்மாவின் நினைவில் மட்டும் இருந்தது. அவர் போனபோது நோட்டு இருந்தது, அதன் பொருள் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அல்ல, உங்கள் வீடுகளிலும் இது நடந்திருக்கும்.

பிள்ளை வளர்ப்புக்கு வருகிறேன். வளைகாப்பு, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு, தூளி, தாலாட்டு எல்லாவற்றையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1985-இல் நாடு முழுமைக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பிறந்தவுடன் பி.சி.ஜி., ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் தட்டம்மைக்கு என்று ஒரு வரிசை. கிராமத்துக்கு வருகிற செவிலியர் அக்காவின் அட்டவணையும் வயல் வேலை அட்டவணையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடிக்கும், தூங்கவிடாது. "நல்லாருந்த புள்ளைய ஊசியப் போட்டுக் கெடுத்துட்டு வந்துட்ட" என்று மாமியார் ஏசுவார். அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த தேதிக்கு மறுபடி போனார்கள். 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால் மருத்துவர்கள் இருக்கிறார்கள், சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள், சொட்டு மருந்து முகாம்களில் வெயிலில் நின்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். தேதி தவறாமல் போன அம்மாக்களும் இருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவை மடிப்புக்குள் அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு நாற்பது வயது ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது அதற்கு மரியாதை இல்லை. அது வெளியே வந்த காலத்தை நான் கண்ணால் பார்த்தேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்த செய்தி. நானும் ஒரு தெருவில் தொண்டராக இருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வருவார்கள். அரிக்கேன் விளக்கு. முதலில் தன் பெயர். அடுத்து நாங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் கேட்டது பிள்ளைகளின் பெயர். மூன்றாவது என்ன கேட்டார்கள் தெரியுமா? "தொகை எப்புடி எழுதுறது?" கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எத்தனை லோடு போயிற்று, எவ்வளவு கூலி வர வேண்டும் என்று மனத்துக்குள் சரியாக வைத்திருப்பார்கள். மேஸ்திரியின் நோட்டில் வேறு எண் இருக்கும். எழுதிக் காட்ட முடியாததால் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதத் தெரிந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தபோது எடுத்து நடத்தியும் காட்டினார்கள்.

இதற்குச் சற்று முன்பு, 1989-இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கி, பிறகு தமிழகம் எங்கும் பரவின. குழு என்றால் நோட்டுகள்: வருகைப் பதிவு, தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. இதைச் சமாளிக்கக் கிராமத்துப் பெண்களால் முடியுமா என்று அன்றைக்குப் பலர் சந்தேகப்பட்டார்கள். கரிக்கோட்டிலும் நாள்காட்டியிலும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்தவர்களுக்கு நான்கு நோட்டு என்ன பெரிய பாரம்? வங்கிகள் அந்தப் பேரேடுகளைப் பார்த்துக் கடன் கொடுத்தன. அடுப்படிக் கணக்குக்கு வெளியுலகம் கொடுத்த முதல் மரியாதை அது என்று நான் சொல்வேன்.

சட்டமும் மெதுவாக அந்த மரியாதைக்கு வந்திருக்கிறது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டையில் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. 2021-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்துபோன இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நீதிபதி ரமணா அந்தத் தீர்ப்பில் 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார். ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தை நடத்தினார். சேர்ந்த சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. எங்கள் மாவட்டத்துக் கதையை யாரோ நீதிமன்றத்தில் போய்ச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், தொடங்கியது.

அன்புக்கு விலை போடுவதா என்று இதற்கெல்லாம் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களுடைய வருத்தத்தில் உண்மை இருக்கலாம், ஆனால் நான் அதை ஏற்கவில்லை. அம்மா செய்தது எல்லாம் அன்பு என்று பெயர் சூட்டிவிட்டால், அதில் எவ்வளவு நேரம் போயிற்று, எவ்வளவு அறிவு வேண்டியிருந்தது என்று கேட்பதற்கே இடமில்லாமல் போகிறது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய தோள்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் அது எல்லா வீட்டுக்கும் வந்துசேர அரை நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. 2011-இல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் விலையில்லாமல் கொடுத்தபோதுதான் எத்தனையோ வீடுகளில் ஆட்டுக்கல் ஓய்ந்தது. அதுவரை இட்லி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்தோம். கையின் வலியைக் கேட்கவில்லை. புகழ்ந்த வாயால் ஒருமுறை கேட்டிருந்தால், அந்த இயந்திரம் இன்னும் முன்னதாக வீடு வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே பிள்ளை பெறாத பெண்கள் இருப்பீர்கள். அம்மாவோடு மனக்கசப்போடு வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். தாய்மையைப் போற்றும் கூட்டங்களில் இவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை நான் கவனித்திருக்கிறேன், அது எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தது பெற்றவர்கள் மட்டும்தானா? கல்யாணமாகாத அத்தை, பிள்ளையில்லாத பெரியம்மா, வாழாவெட்டி என்று ஊர் பேர் வைத்த சித்தி. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியது அவர்கள். காய்ச்சலில் கண்விழித்தது அவர்கள். குடும்ப மரம் எழுதும்போது அவர்கள் பெயருக்குக் கீழே கோடு இறங்குவதில்லை என்பதால் இரண்டாம் தலைமுறையிலேயே விட்டுப்போகிறார்கள். கணக்கு வைத்தவர்கள் என்ற முறையில் பார்த்தால் அவர்கள் எல்லாருமே அந்த வீட்டின் அம்மாக்கள்தான். கடுமையாக இருந்த அம்மாக்களின் கணக்கையும் பாருங்கள் என்பேன். சில வீடுகளில் அந்தக் கடுமைக்கான காரணம் அடகு ரசீதில் இருக்கும். காரணம் தெரிந்தால் காயம் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்வது நம் உரிமை.

இப்போது கணக்கு கைபேசிக்குப் போய்விட்டது. கேஸ் பதிவு செய்தால் குறுஞ்செய்தி வருகிறது, பால் அட்டைக்கு வங்கியிலிருந்து பணம் போகிறது, மளிகைச் சீட்டு வாட்ஸ்அப்பில் கடைக்குப் போகிறது. வேலை இலகுவானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கைபேசி மாற்றும்போது எல்லாம் அழிந்துபோகிறது. அம்மாச்சியின் சுவரைச் சாணம் மெழுகியது மாதம் ஒருமுறை. நம் சுவர் அதைவிட வேகமாக மெழுகப்படுகிறது. முந்தைய தலைமுறையின் நாள்காட்டிகளும் நோட்டுகளும் இன்னும் பரணிலும் பீரோவின் மேலும் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் வெளியே போவது அவைதான்.

எங்கள் மாவட்டத்திலிருந்து அதிகத் தூரமில்லை, கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் தன் வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு சேர்த்து அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள் என்று பிறர் குப்பை என்று எறிந்த காகிதங்களையும் சேர்த்துவைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை அவர் சேர்த்தவைதான். தமிழ்நாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கே வந்து அந்தக் காகிதங்களைப் புரட்டுகிறார்கள். ஒரு நாடக நோட்டீஸில் வரலாறு இருக்கிறது என்றால், ஒரு பெண் பல ஆண்டுகள் விடாமல் எழுதிய அடுப்படிக் காலண்டரில் இருக்காதா? அரிசி என்ன விலை, வெள்ளம் எப்போது, ஊருக்கு மின்சாரம் எந்த மாதம், தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை, எல்லாம் அதில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பழைய நாள்காட்டிகளையும், சீட்டு நோட்டுகளையும், மொய் நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்மா இருக்கும்போதே அவற்றை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். "எவ்வளவு கஷ்டப்பட்டீங்க" என்று தொடங்கினால் "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப" என்று எழுந்து போய்விடுவார். "இந்த மாசம் சீட்டு ஏன் கட்டலை? இந்தச் சங்கிலியை யாருக்காக வெச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாவின் பெயரையும், அந்த அம்மாவின் அம்மா பெயரையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அத்தை, சித்திகளின் பெயர்களும் அங்கே இருக்கட்டும். இங்கே வந்திருக்கிற ஆண்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். எழுதி முடித்த கையோடு, உங்கள் வீட்டு அடுப்படிக் காலண்டரில் இந்த மாதக் கணக்கை நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.